செட்டிகுளத்துக்கு வந்து சேராத சங்கம்

எங்கள் செட்டிகுளத்தில் சங்கங்களுக்குக் குறைவில்லை. கமக்காரர் அமைப்பு இருக்கிறது. பலநோக்குக் கூட்டுறவுச் சங்கம் இருக்கிறது. கிராம அபிவிருத்திச் சங்கம், மாதர் சங்கம், மரண உதவிச் சங்கம், கோயில் பரிபாலன சபை என்று வரிசையாகச் சொல்லலாம். காணி உள்ளவருக்கு ஒன்று, கடன் எடுப்பவருக்கு ஒன்று, செத்த வீட்டுக்கு ஒன்று. அடுத்தவர் காணியில் நாட்கூலிக்குப் புல்லுப் பிடுங்கி, உழுந்து பிடுங்கி, பப்பாசித் தோட்டத்தில் பாத்தி கொத்திப் பிழைக்கிறவர்களுக்கு மட்டும் ஒரு சங்கமும் இல்லை.

மற்ற ஊர்களில் இது பெரிய விஷயமாகத் தோன்றாது. இங்கே தோன்ற வேண்டும். வெங்கலச்செட்டிகுளம் பிரதேசத்தின் பல குடியிருப்புகளில் இருப்பவர்கள் மலையகத் தோட்டங்களிலிருந்து வந்த குடும்பங்கள். 1958 கலவரத்துக்குப் பின் சிலர் வந்தார்கள். 1973, 74 பஞ்சத்தில் சிலர். 1977இல் பெருங்கூட்டமாக. 1981இலும் 1983இலும் மறுபடியும். தொழிற்சங்கம் என்றால் என்ன என்று இந்த நாட்டில் உயிரைக் கொடுத்துப் படித்த சனம் இவர்கள். தோட்டத்தில் சங்கத்தில் சேராத குடும்பத்தைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். அந்தச் சனம் இங்கே வந்த பிறகு கூலிக்காக ஒரு கூட்டம் போட முடியாமல் போனது எப்படி? நான் ஒரு தோட்டத் தலைவரின் மகள். இந்தக் கேள்வி எனக்கு எங்கள் குடும்பக் கதையாகவும் இருக்கிறது.

முதலில் பாதையைச் சொல்ல வேண்டும். மலையகத்துக்குப் போன மக்களுக்குச் செட்டிகுளப் பக்கம் புதிய இடமே இல்லை. கோப்பிக் காலத்தில் தமிழ்நாட்டிலிருந்து தோணியேறி மன்னார்க் கரையில் இறங்கியவர்கள், மதவாச்சி, மிஹிந்தலை, தம்புள்ளை என்று காட்டு வழியே மாத்தளைக்கு நடந்தார்கள். வடபாதை என்று அதைச் சொல்வார்கள். வாந்திபேதியிலும் காய்ச்சலிலும் பசியிலும் அந்த வழியில் விழுந்தவர்களுக்குச் சரியான கணக்கு எவரும் வைக்கவில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் முடிவில் நோய்ப் பயத்தால் அந்தப் பாதையை மூடினார்கள். பிறகு 1914இல் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் கப்பல் ஓடத் தொடங்கியது. மதவாச்சியிலிருந்து தலைமன்னாருக்கு ரயில் பாதையும் வந்தது. மண்டபம் முகாமில் அடைத்து வைத்து மருந்தடித்து அனுப்பப்பட்ட ஆட்கள் தலைமன்னாரில் ரயிலேறி, மடு ரோட்டையும் செட்டிகுளத்தையும் கடந்து மலைக்குப் போனார்கள். என் அம்மாவின் தகப்பனாரும் அப்படிப் போனவர்தான்.

அதே தண்டவாளம் அவர்களைத் திருப்பியும் கொண்டுபோனது. 1964இல் சிறிமாவோவும் சாஸ்திரியும் செய்த ஒப்பந்தப்படி 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று பிரித்தார்கள்; மிச்சமிருந்த ஒன்றரை லட்சத்தை 1974இல் பாதிபாதியாகப் பங்கு போட்டார்கள். ஹட்டனிலும் நாவலப்பிட்டியிலும் அழுகையோடு புறப்பட்ட ரயிலுக்கு ஒப்பாரிக் கோச்சி என்றே பெயர். தலைமன்னாரில் ராமானுஜம் கப்பல். செட்டிகுளம் ஸ்டேஷன் பக்கத்தில் அப்போது குடியிருந்த ஒரு பெரியம்மா, பெட்டிகளின் சன்னல்களில் முகங்கள் தெரியும், யாரும் கையசைக்க மாட்டார்கள் என்று என்னிடம் சொல்லியிருக்கிறார்.

இந்த மக்களுக்காக முதலில் எழுதிப் போராடிய படித்தவர்களில் பொன்னம்பலம் அருணாசலம் முக்கியமானவர். சிவில் சேவையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு, 1919இல் இலங்கைத் தொழிலாளர் நலன்புரிச் சங்கத்தையும் அடுத்த ஆண்டு தொழிலாளர் சம்மேளனத்தையும் தொடங்கினார். அப்போதிருந்த சட்டத்தின்படி தோட்டத்தை விட்டுச் சொல்லாமல் போனால் மறியல். கடனை அடைத்துவிட்டார் என்று துரை எழுதித் தரும் துண்டு இல்லாமல் வேறு தோட்டத்தில் வேலை கிடையாது. கூலி ஒப்பந்தத்தை மீறிய பெண்களும் மறியலில் கிடந்தார்கள். வேலைக்கு வராதது குற்றமாக இருக்கக் கூடாது என்பதுதான் அருணாசலத்தின் வாதம். 1920களின் தொடக்கத்தில் துண்டு முறையும் மறியல் தண்டனையும் ஒழிந்தன. அவருடைய சங்கத்தில் செயலாளராக வேலை செய்தவர் பெரி. சுந்தரம், தோட்டத்தில் பிறந்து கேம்பிரிட்ஜ் போய்ப் படித்துவந்தவர். 1931இல் அவர் தொழில் அமைச்சரானார். அவர் அமைச்சராக இருந்த காலத்தில்தான், 1935இல், தொழிற்சங்கச் சட்டம் வந்தது. ஏழு பேர் கையெழுத்திட்டால் ஒரு சங்கத்தைப் பதியலாம் என்று அந்தச் சட்டம் சொல்கிறது. இன்றைக்கும் அது இருக்கிறது.

லயத்துக்குள் சங்கத்தைக் கொண்டுபோனவர் கோ. நடேசய்யர். தோட்டம் தனியார் காணி. வெளியாள் உள்ளே கால் வைத்தால் அத்துமீறல் வழக்கு. அவர் புடைவை வியாபாரி போல மூட்டை தூக்கி உள்ளே போய் விவரம் சேர்த்தவர். 1931இல் ஹட்டனில் தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தைத் தொடங்கினார். கூட்டங்களில் அவருடைய மனைவி மீனாட்சி அம்மாள் பாடுவார். எழுத்தறியாத சனத்துக்கு ஒரு மணிநேரப் பேச்சு ஏற்றாததை அந்தப் பாட்டு ஏற்றியது என்று எங்கள் தாத்தா காலத்து ஆட்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். சங்க வரலாறு எழுதுகிறவர்கள் மீனாட்சி அம்மாளுக்கு ஒரு வரி ஒதுக்கிவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள், அது போதாது.

1939இல் நேரு வந்துபோன கையோடு இலங்கை இந்தியக் காங்கிரஸ் பிறந்தது. அடுத்த வருடம் அதன் தொழிற்சங்கம். அந்த 1940 ஜனவரியில் ஹேவாஹெட்டப் பக்கம் முல்லோயாத் தோட்டத்தில் கூலி உயர்வு கேட்டு வேலைநிறுத்தம் செய்தவர்கள்மீது பொலிஸ் சுட்டதில் கோவிந்தன் என்ற தொழிலாளி செத்தார். கோவிந்தனின் மனைவிக்காக விசாரணைக் கமிஷன் முன் கொல்வின் ஆர். டி சில்வா வாதாடினார். அந்த விவகாரத்தில் பொலிஸ் மா அதிபரின் பக்கம் தேசாதிபதி நின்றார் என்று அமைச்சர் சபையே பதவி விலகியது. ஒரு லயத்துக் காம்பராவில் இருந்தவனின் சாவு கொழும்பில் அரசாங்கத்தை ஆட்டியது என்றால் அதற்குக் காரணம், அதைக் கேட்க ஒரு சங்கம் இருந்தது. கோவிந்தனுக்கு முன்பும் லயங்களில் எத்தனையோ பேர் அடித்துக் கொல்லப்பட்டிருப்பார்கள். கேட்பாரில்லை.

எங்கள் அப்பா இந்தக் கதைகளைச் சொல்லித்தான் வளர்த்தார். நாங்கள் இருந்தது நாவலப்பிட்டிப் பக்கத்து ஒரு தோட்டம். அப்பா அங்கே சங்கத் தலைவர். தோட்டத் தலைவர் என்றால் பதவி பெரிதாகத் தெரியும். அவரும் மற்றவர்களைப் போலக் காலையில் பிரட்டுக்களத்தில் நின்று, கவ்வாத்துக் கத்தியோடு மலைக்குப் போய், பேர் வாங்கி வந்தவர்தான். தலைவருக்குச் சம்பளம் கிடையாது. துரைக்குப் பிடிக்காத தலைவருக்குத் தூரத்து மலை, செங்குத்து மலைதான் கிடைக்கும்.

சம்பளம் போட்டதற்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை, பிள்ளைக் காம்பராவில் கூட்டம். அது பூட்டியிருந்தால் மாரியம்மன் கோயில் வாசல். தலைவர், செயலாளர், பொருளாளர் மூன்று பேருக்கும் ஒரு வாங்கு, மற்றவர்கள் கீழே. செயலாளராக இருந்த பையன் எட்டாம் வகுப்புப் படித்தவன். அவன்தான் கொப்பியில் எழுதுவான். முதலில் போன கூட்டத்து அறிக்கை வாசிப்பான். பிறகு சந்தாக் கணக்கு. பிறகு குறைகள். மூன்றாம் நம்பர் லயத்தில் தகரம் ஒழுகுகிறது. கொழுந்து நிறுக்கும்போது கூடைக்கென்று கழிக்கிற இறாத்தல் கூடிப்போனது. காய்ச்சலில் கிடந்தவளுக்கு டிஸ்பென்சரியில் சீட்டுத் தராமல் திருப்பி அனுப்பினார்கள். இன்னாருக்கு முழு நாள் நின்றும் அரைப் பேர் போட்டார்கள்.

அப்பா எல்லாவற்றையும் எழுத விடமாட்டார். கேள்வி கேட்பார். எந்தத் தேதி? யார் நிறுத்தது? பக்கத்தில் நின்றது யார்? சாட்சி சொல்ல அவள் வருவாளா? கோபமாக எழுந்தவர்கள் இதில் சலித்துப்போய் உட்கார்ந்துவிடுவார்கள்; மிஞ்சியது கொப்பியில் ஏறும். புதன்கிழமை துரை குறை கேட்கிற நாள். அப்பாவும் இன்னும் இரண்டு பேரும் கொப்பியோடு ஆபீசு வாசலில் நிற்பார்கள். துரை தீர்க்காதது டவுனில் இருக்கும் சங்கக் காரியாலயத்துக்குப் போகும். மாவட்டப் பிரதிநிதி கடிதம் எழுதுவார். அதற்கும் அசையாவிட்டால் தொழில் திணைக்களம், பிறகு தொழில் நியாய மன்று. படி படியாக ஏற வேண்டிய வழி. ஏறுகிறவர் பாதியில் களைத்துவிடுவார் என்றுதான் எதிர்ப்பக்கம் காத்திருக்கும். ஆனால் வழி என்று ஒன்று இருந்தது. தகரம் ஒழுகுகிறது என்று மனைவியிடம் புலம்புவதற்கும், நாள் குறித்து எழுதி, பதில் சொல்ல வேண்டியவர் மேசையில் வைப்பதற்கும் இடையில் உள்ள தூரத்தை எங்கள் மக்கள் கடந்தது அந்தக் கிளைக் கூட்டங்களில்தான். பெரிய தலைவர்களின் பேச்சுகளையும் ஒப்பந்தங்களையும் வரலாறு வைத்திருக்கிறது. இந்தக் கொப்பிகளை வைத்திருக்கவில்லை.

பெண்களைப் பற்றிச் சொல்லாமல் போனால் பொய்யாகிவிடும். கொழுந்தெடுப்பவர்கள் பெண்கள். தோட்டத்தின் வருமானம் அவர்கள் விரல்களில் இருந்தது. சந்தாவும் அவர்கள் சம்பளத்தில் பிடிபட்டது. அன்றைக்குச் சட்டப்படியான கூலியே ஆணுக்கு ஒன்று, பெண்ணுக்கு அதைவிடக் குறைந்த ஒன்று. கூட்டத்தில் பெண்கள் வாசல் பக்கம் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு நிற்பார்கள். உலை வைக்கப் பாதியில் போவார்கள். மாதர் சங்கத் தலைவி என்று ஒருவர் இருந்தார், மே தினத்துக்குச் சேலை கட்டி ஆட்களைச் சேர்ப்பது அவர் வேலை. ஒருமுறை என் அம்மா, கூடைக் கழிவைப் பற்றி, வாசலில் நின்றபடியே பேசினார். எந்தத் தராசு, எந்தக் கணக்கப்பிள்ளை, எந்த நாளில் எத்தனை இறாத்தல் என்று எல்லாவற்றையும் சொன்னார். அப்பாவின் கேள்விகளுக்கெல்லாம் பதில் அவரிடம் ஏற்கெனவே இருந்தது. ஆண்கள் யாரும் ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த கூட்டத்திலும் அம்மா வாசலில்தான் நின்றார்.

1972இலும் 1975இலும் காணிச் சீர்திருத்தம் வந்து தோட்டங்களை அரசாங்கம் எடுத்தது. இடையில் பஞ்சம். மா, சீனி எல்லாம் கூப்பனுக்கு, அதுவும் கிடைத்தால். தோட்டத்தில் வேலை நாட்கள் குறைந்தன. லயத்தில் சாவு விழாத வாரம் இல்லை என்று அம்மா சொல்வார். எங்கள் லயத்திலிருந்து முதலில் வன்னிக்குப் போனவர்கள் அந்தப் பசியில் போனவர்கள். தோட்டக் காணிகளைப் பிரித்து வெளியாருக்குக் கொடுக்கப் போவதை எதிர்த்து 1977 மே மாதம் டெவன் தோட்டத்தில் மக்கள் மறித்தபோது, பொலிஸ் சுட்டு சிவனு லெட்சுமணன் என்ற இளைஞர் செத்தார். மலையகம் முழுதும் வேலையை நிறுத்தியது. காணி பறிக்கிற திட்டம் கைவிடப்பட்டது. எங்கள் தோட்டத்தில் அன்று பிரட்டுக்களம் வெறுமையாகக் கிடந்ததை நான் பார்த்தேன். சங்கம் எவ்வளவு பெரிய சக்தி என்று எனக்குப் புரிந்தது அந்த நாளில்.

மூன்று மாதம் கழித்து, ஆகஸ்டில் கலவரம். எங்கள் லயத்துக்குத் தீ வைத்தார்கள். வேலைநிறுத்தம் துரையை மடக்கும். இரவில் பந்தத்தோடு வருகிற கூட்டத்தை அது ஒன்றும் செய்யாது. பள்ளிக்கூடத்தில் சில நாள் தங்கி, பிறகு லொறியில் வவுனியாவுக்கு வந்தோம். அப்பாவின் தகரப் பெட்டியில் பிறப்புச் சான்றிதழ்களோடு சந்தா ரசீதுகளும் ஒரு கட்டாக வந்தன. கொப்பிகள் எரிந்துபோயின.

வவுனியாவில் எங்களை ஏற்றவர்கள் காந்தீயம் இயக்கத்தார். கட்டடக் கலைஞர் எஸ். ஏ. டேவிட்டும் டொக்டர் இராஜசுந்தரமும் நடத்திய இயக்கம் அது. காடு வெட்டிக் குடியேற்றினார்கள், கிணறு வெட்டினார்கள், பாலர் பாடசாலை வைத்தார்கள். எனக்கு அப்போது பத்தாம் வகுப்பு முடிந்திருந்தது. என்னைப் போன்ற பெண் பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுத்துப் பாலர் பாடசாலை ஆசிரியை ஆக்கினார்கள். நான் பிறகு அரசாங்க ஆசிரியையாகி ஓய்வு பெற்றதற்கெல்லாம் முதல் படி அதுதான். அந்த நன்றி எனக்குச் சாகும் வரை உண்டு.

ஆனால் காடு வெட்டிய காணி உடனே சோறு போடாது. மழை பெய்து, பன்றியும் யானையும் விட்டுவைத்தால்தான் விளைச்சல். அதுவரை அடுத்தவர் வயல். காலபோகத்தில் புல்லுப் பிடுங்க, மாசி பங்குனியில் அருவி வெட்ட, சூடடிக்க. மேட்டு நிலத்தில் கச்சான், உழுந்து, பயறு. எங்கள் ஆட்கள் வேலைக்கு அஞ்சாதவர்கள் என்பது சீக்கிரமே ஊரெல்லாம் தெரிந்துவிட்டது. குறைந்த கூலிக்கு வருவார்கள் என்பதும் தெரிந்துவிட்டது. தோட்டக்காட்டான் என்று முகத்துக்கு நேரே சொன்னவர்களும் இருந்தார்கள். கிணற்றில் தண்ணீர் அள்ளவிட்டு, பிள்ளைக்குப் பழைய சட்டை கொடுத்து, கூலியை மட்டும் அடுத்த வாரம் என்று தள்ளியவர்களும் இருந்தார்கள்.

அப்பா இங்கேயும் ஒரு கூட்டம் போட்டுப் பார்த்தார். பாலை மரத்தடியில், ஒரு மாலை. அருவி வெட்டுக்கு ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே கூலி, அன்றன்றைக்கே கையில் காசு, நெல்லாகக் கொடுத்தால் அளவு முன்பே பேசப்பட வேண்டும். மூன்றே கோரிக்கை. கூலியில் ஆண் பெண் சமம் என்பதை அவர் சேர்த்தது எப்படி என்று எனக்குத் தெரியும். முதல் நாள் இரவு அம்மா அடுப்படியில் சொன்னது அது. எல்லோரும் சரி என்றார்கள். அடுத்த நாள் விடிய, ஒரு முதலாளியின் டிராக்டர் வேறு குடியேற்றத்துக்குப் போய் அங்கிருந்து ஆள் ஏற்றி வந்தது. அவர்களும் நம் ஆட்கள்தான். நம்மைவிடப் புதிதாக, நம்மைவிடப் பசியோடு வந்தவர்கள். ஒரு கிழமையில் நம்மவர்களும் பழைய கூலிக்கே போனார்கள். அப்பா அவர்களைக் குறை சொல்லவில்லை.

நான் பிறகு பலமுறை யோசித்திருக்கிறேன். தோட்டத்தில் அநியாயம் இருந்தது, ஆனால் அது ஒரே ஆபீசில் இருந்தது. ஆயிரம் பேருக்கும் ஒரே துரை, ஒரே செக்ரோல், ஒரே சம்பள நாள். கூலியைச் சம்பளச் சபை தீர்மானித்தது. அதற்கு 1941இலேயே சட்டம் இருந்தது. எனவே ஆயிரம் பேர் ஒன்றாகக் கேட்க ஒரு வாசல் இருந்தது. இங்கே இன்று ஒரு முதலாளி, நாளை வேறொருவர். அவர்களில் பலர் பெரிய பணக்காரருமில்லை. ஐந்து ஏக்கரும் வங்கிக் கடனுமாக இருந்தவர்கள். பெயர் எழுத செக்ரோல் இல்லை, ஊழியர் சேமலாப நிதி இல்லை, எந்தச் சபையும் இல்லை. 1958ஆம் ஆண்டு நெற்காணிச் சட்டத்தில் விவசாயத் தொழிலாளருக்குக் கூலி நிர்ணயிக்க இடமிருந்தது. அதைக் காட்டி எங்கள் பக்கத்தில் யாரும் கூலி கேட்டதாக நான் ஒருபோதும் கேள்விப்பட்டதில்லை. அதற்கெல்லாம் மேலாக ஒன்று: பலருக்குப் பிரஜாவுரிமை இல்லை, குடியிருந்தது அரச காணி, கையில் பெர்மிட் இல்லை. வாய் திறந்தால் கொட்டிலும் போகும் என்ற பயம். 1948இல் பறித்த உரிமை முழுதாகத் திரும்பியது 2003ஆம் ஆண்டுச் சட்டத்தில்தான். இடையில் இரண்டு தலைமுறை பயந்தே வாழ்ந்தது.

மலையகச் சங்கங்களும் எங்களைத் தேடி வரவில்லை. தோட்டத்தை விட்டவன் சந்தாப் பட்டியலிலிருந்து போனவன். சந்தா, தோட்ட ஆபீசு சம்பளத்தில் பிடித்து அனுப்புகிற காசு. ஆபீசு இல்லாத இடத்தில் சங்கமும் இல்லை. இதை நான் மனம் நொந்துதான் எழுதுகிறேன். எங்கள் அப்பா கட்டிவைத்திருந்த ரசீதுகளுக்கு இங்கே எந்த வாசலும் திறக்கவில்லை.

1983 ஏப்ரலில் டேவிட்டையும் இராஜசுந்தரத்தையும் பிடித்தார்கள். ஜூலை 27இல் வெலிக்கடைச் சிறையில் டொக்டர் கொல்லப்பட்டார். காந்தீயத்தின் வேலை நின்றுபோனது. அடுத்த வருடத்தை நான் மறக்கவே மாட்டேன். 1984 ஏப்ரலில் மலையகத்தில் எல்லாச் சங்கங்களும் சேர்ந்து வேலையை நிறுத்தி, ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே நாட்கூலி வாங்கின. வானொலியில் கேட்டுவிட்டு அம்மா அழுதார். அதே வருடம் டிசம்பரில் செட்டிகுளத்தில் ஆண்களை வீடுவீடாகப் பிடித்துக்கொண்டு போனார்கள், போனவர்கள் திரும்பவில்லை. அதற்குப் பிறகு பாலை மரத்தடியில் பத்துப் பேர் கூடிநின்றாலே சந்தேகம் என்ற காலம். கூலிக்குக் கூடினோம் என்று சொன்னால் யார் நம்புவார்கள்? 1990இல் ரயிலும் நின்றது. தண்டவாளம் பதுங்குகுழிகளுக்குப் போனது. காடு பாதையை மூடியது.

2009இல் செட்டிகுளத்தின் பெயர் உலகச் செய்தியில் வந்தது. மெனிக் பாமில் காட்டை வெட்டிக் கூடாரம் அடித்து, வன்னியிலிருந்து வந்த இரண்டு லட்சத்துக்கும் அதிகமான சனத்தை முள்ளுக்கம்பிக்குள் வைத்தார்கள். முகாமின் பகுதிகளுக்குப் பெரியவர்களின் பெயர்: கதிர்காமர், ஆனந்த குமாரசுவாமி, இராமநாதன், அருணாசலம். அனுமதி இல்லாமல் யாரும் வெளியே போக முடியாத ஓர் இடத்துக்கு, தோட்டத்தை விட்டுப் போனவனை மறியலில் போடாதே என்று வாதாடியவரின் பெயர். அங்கே கொட்டகைப் பள்ளியில் படித்த பிள்ளைகளுக்கு அருணாசலம் யார் என்று ஒருவராவது சொல்லிக் கொடுத்திருக்க வேண்டும். அங்கிருந்தவர்களிலும் தோட்டத்திலிருந்து கிளிநொச்சிக்கும் முல்லைத்தீவுக்கும் போய்க் குடியேறிய குடும்பங்கள் எத்தனையோ. கடைசிச் சனம் 2012 செப்டெம்பரில் வெளியேறியது. 2013 மே மாதம் மடு ரோடு வரையிலும், 2015 மார்ச்சில் தலைமன்னார் வரையிலும் ரயில் மறுபடி ஓடியது. இப்போது எங்கள் ஸ்டேஷனில் நின்று போகிறது.

போருக்குப் பிறகு வவுனியாவிலும் கிளிநொச்சியிலும் ஆடைத் தொழிற்சாலைகள் வந்தன; எங்கள் ஊர்ப் பிள்ளைகள் விடிய பஸ் ஏறுகிறார்கள். வயலில் அருவி வெட்டு மெஷினுக்குப் போய்விட்டது. மிஞ்சியிருக்கும் கைவேலை முழுதும் பெண்களிடம்: களை, உழுந்து, கச்சான், பப்பாசி. போரில் கணவனை இழந்தவர்கள் இவர்களில் நிறையப் பேர். இன்றும் ஆணுக்கு ஒரு கூலி, பெண்ணுக்குக் குறைந்த கூலி. மலையில் 1984இல் தீர்ந்த விஷயம் இங்கே தீரவில்லை. மலையிலும் போராட்டம் முடிந்துவிடவில்லை. ஆயிரம் ரூபா நாட்சம்பளம் கேட்டு ஆறு வருடம் இழுபட்டது. 2018 ஒக்டோபரில் மலையக இளைஞர்கள் கறுப்புடை உடுத்திக் காலிமுகத்திடலில் வந்து நின்றார்கள். 2021 மார்ச்சில்தான் சம்பளச் சபை வழியாக அந்த ஆயிரம் வந்தது. அந்த இளைஞர்களை ஒரு சங்கத் தலைவரும் கூட்டிவரவில்லை, தாங்களாக வந்தார்கள். அதைத் தொலைக்காட்சியில் பார்த்தபோது, தோட்டத்துக்கு வெளியிலும் இந்தக் கேள்வியைக் கேட்க முடியும் என்று எனக்குத் தோன்றியது.

2016இல் குறைந்தபட்ச வேதனச் சட்டம் வந்தது. அப்போது நாளுக்கு 400 ரூபா. 2025 ஏப்ரலில் அது 1,080 ரூபா ஆனது. இப்படிச் சட்டம் இருப்பது உழுந்து பிடுங்கப் போகிற பெண்களில் அநேகருக்குத் தெரியாது. பத்திரிகையில் வந்ததை எங்கள் முன்பள்ளி விறாந்தையில் வாசித்துக் காட்டினேன். ஒரு பிள்ளை கேட்டாள், “டீச்சர், சங்கம் எண்டா ஆம்பிளை ஒராள் தலைவரா இருக்க வேணுமா?” ஏழு பேர் வேண்டும் என்று சட்டம் சொல்கிறது, ஆம்பிளை வேண்டும் என்று எங்கும் சொல்லவில்லை என்றேன். பெண்கள் சிரித்தார்கள். ஆனால் பதிவதற்கு இன்னும் துணியவில்லை. கையெழுத்துப் போட்டால் நாளைக்கு வேலைக்குக் கூப்பிடமாட்டார்கள் என்பது வெறும் பயமில்லை, நடக்கக்கூடியது. பதிவதற்கு முன் செய்யக் கூடியது எது என்று பேசினோம். யார் காணியில், எந்தத் தேதி, எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை, பேசிய கூலி எவ்வளவு, கையில் வந்தது எவ்வளவு என்று ஒவ்வொரு நாளும் ஒரே கொப்பியில் எழுதுகிறார்கள். ஓ.எல். எழுதிவிட்டு வீட்டில் இருக்கிற ஒருத்தி எழுதுகிறாள். எழுதுவதற்கு முன் அவளும் கேட்கிறாள், பக்கத்தில் நின்றது யார் என்று.

இந்த முறை இரண்டு முதலாளிமாரிடம் கூலிப் பாக்கி இருந்தது. கொப்பியைத் தூக்கிக்கொண்டு எல்லோருமாகப் போனார்கள். ஒருவர் பக்கத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு அன்றே எண்ணிக் கொடுத்தார். மற்றவர் சிறுபோகம் வெட்டி நெல் விற்கட்டும், தருகிறேன் என்றிருக்கிறார். ஆவணி கழிந்ததும் மறுபடி போவதென்று முடிவு. அந்த முடிவையும் கொப்பியில் எழுதியிருக்கிறார்கள், வந்திருந்தவர்கள் பெயரோடு.